செதுக்கிக்குப் பூஜ்யம்

இன்று மாலை உளவியல் வகுப்புக்குப் போகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிய பிறகு எழுதினால் என்னை நானே மன்னித்துவிடுவேன்.

பிஷ்கேக்கில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் நினைவாற்றலைச் சோதிப்பது என் வேலை. திங்கட்கிழமை மலையூர் நாரினிலிருந்து சாய்ராகுல் எஜே, அதாவது சாய்ராகுல் அக்கா, மாமியாரோடு வந்தார். டாக்ஸி நிலையத்தில் போன் எடுப்பவர். எந்த வீட்டுக்கு எந்த வண்டி என்று எதையும் எழுதி வைக்காமலே நாற்பது ஓட்டுநர்களை மேய்ப்பவர். பதினோரு வருடமாக வலிப்பு. மூளையின் இடப்பக்கத்தில் கிளம்புகிறது. அங்கே சுண்டுவிரல் அளவில் ஹிப்போகேம்பஸ் என்றொரு பகுதி உண்டு. காதில் விழும் சொற்களைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் இடப்பக்கத்து ஹிப்போகேம்பஸ்தான். அது சுருங்கி, சொல் நினைவும் ஏற்கெனவே கெட்டிருந்தால், வலிப்பை நிறுத்த அதை வெட்டி எடுப்பதில் நஷ்டம் குறைவு. நன்றாக இருக்கும்போது வெட்டினால் நினைவும் கூடவே போகும். எது என்று சொல்லத்தான் என் சோதனை.

பதினைந்து சொற்களை வாசித்துக் காட்டுவேன். அரை மணி கழித்து அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெரியவரை எழுந்துபோகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எஜே ஏழு சொற்களைச் சரியாகச் சொன்னார். கோடரிக்குப் பதில் "செதுக்கி" என்றார். இரும்புக்கு "துருப்பிடிக்கிறது". ஆட்டுக்குட்டிக்கு "மே மே". இப்படி ஆறு. வாசித்த சொல் அப்படியே வர வேண்டும் என்கிறது கையேடு. ஆறுக்கும் பூஜ்யம் போட்டேன். அதோடு நின்றேனா? "பொருளின் பெயர் வாயில் வரவில்லை, சுற்றி வளைக்கிறார், இடப்பக்கக் கோளாறுக்குப் பொருந்துகிறது" என்று குறிப்பு வேறு எழுதினேன்.

ஸ்கேனில் அந்தப் பகுதி ஏறக்குறைய முழுதாகத் தெரிந்தது. உறுத்தியது. படத்தைப் பார்க்க எனக்கென்ன தெரியும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்று மதியம் வார்டு வராந்தாவில் எஜே கணவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"செதுக்கியை மழையில போட்டு வைக்காதீங்க. கொட்டகைக்குள்ள வைங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எஜே, அதென்ன செதுக்கி?"

"விறகு வெட்டுறது."

"கோடரியா?"

அவர் மாமியார் இருந்த பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பட்டணத்துப் பொண்ணுன்னு காட்டிட்ட பாரு. அதுல எங்க மாமனார் பேரு இருக்கே, நான் எப்படிச் சொல்றது?"

மாமனார் பால்தாபாய். கிர்கிஸ் மொழியில் பால்தா என்றால் கோடரி. கணவரின் அண்ணன் தெமிர்குல். தெமிர் என்றால் இரும்பு. அந்த வீட்டு மூத்த ஆண்கள் ஆறு பேரும் என் பட்டியலில் இருந்தார்கள். என் அம்மாவும் தன் மாமனாரான என் தாத்தா பெயர் வருகிற சொல்லை வாயில் எடுக்க மாட்டாள். அதைக் கேட்டே வளர்ந்த நான் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

அறுவை மருத்துவர் எசென்பெக்கின் அறைக்கு ஓடினேன்.

"டாக்டர், நான் போட்ட மார்க் தப்பு. ஏழு இல்ல, பதிமூணு."

"காலையில ஆபரேஷன். மாலை வகுப்புல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா, கடைசி நாள் மார்க் திருத்துறது?"

"ஸ்கேன்ல முழுசா இருந்துச்சே, நீங்க ஏன் என்னைக் கேக்கல?"

"நீ எழுதினதை நம்பினேன்."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போய் எஜேயையும் மாமியாரையும் கூட்டி வந்தேன். நடந்ததைச் சொன்னதும் மாமியார் என்மேல் பாய்ந்தார்.

"மரியாதைக்கு முட்டை போட்டியா? உன்னைப் பெத்தவ என்ன சொல்லி வளர்த்தா? இவளுக்கா ஞாபகம் இல்ல? நான் திட்டின ஒவ்வொரு திட்டையும் தேதியோட வச்சிருக்கா!"

"அதெல்லாம் இப்ப எதுக்கு, அபா?" என்றார் எஜே மாமியாரிடம்.

"பாத்தீங்களா, மறுக்கலயே! ஏ கெலின், மருமகளே, அந்தப் பேரையெல்லாம் சொல்லித் தொலை. நான் கேக்கல." கிழவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

எஜேயின் முகம் சிவந்தது. தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தார். கோடரி. இரும்பு. ஆட்டுக்குட்டி. மூன்று நாளுக்கு முன் ஒரே ஒரு தடவை வாசித்த பட்டியல். பதிமூன்று சொற்களும் வரிசை மாறாமல் வந்தன.

எஜே நிமிர்ந்தார்.

"வெட்டினா இது போயிடுமா?"

"கொஞ்சம் போகலாம். நிறையவும் போகலாம்."

"வலிப்பு நிக்குமா?"

"நிக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

"நேத்து என்ன சொன்னீங்க? 'உனக்கு இழக்கிறதுக்கு ஒண்ணும் இல்லம்மா'ன்னீங்க. வேலையில நான் பொழைச்சிருக்கிறதே இந்த ஞாபகத்தாலதான். எனக்கு ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ண நீங்க ரெண்டு பேரும் யாரு?"

"எஜே, நான்..." என்றேன்.

"நீ பேசாத. புரியலன்னா என்னைக் கேட்டிருக்கலாம். எதிர்லதானே உக்காந்திருந்தேன்."

மேசைமேல் அவருடைய சம்மதப் படிவம் இருந்தது. மருத்துவரின் பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தின்மேல் இரண்டு கோடு போட்டார். இரண்டாவது கோட்டில் தாள் கிழிந்தது.

"இன்னைக்கு இல்ல. வெட்டினா என்ன, வெட்டாட்டா என்ன, ரெண்டையும் முதல்லேர்ந்து சொல்லுங்க. கேட்டுட்டு ஊருக்குப் போய் யோசிக்கிறேன்."

மருத்துவர் ஸ்கேன் திரையை அவர் பக்கம் திருப்பினார்.