எழில் மிட்டாய்

அம்பத்தூரில் மிட்டாய்க் கம்பெனி தொடங்கியபோது, கன்னியப்பன் சம்மதம் கேட்கும் முன்பே தான் விரும்பிய பெண்ணின் பெயரை உறையில் அச்சடித்துவிட்டார். 'ராஜம்மா மிட்டாய்' அப்படித்தான் பிறந்தது. கல்யாணமும் கூடி வந்தது.

அதே துணிச்சலில் மகன் விஜய் புது மாங்காய் மிட்டாயைத் தான் விரும்பிய எழிலரசியிடம் நீட்டினான். உறையில் 'எழில் மிட்டாய்' என்று தன் பெயர் இருப்பதை அவள் உற்றுப் பார்த்தாள்.

"கேக்காமலே அடிச்சிட்டியா?"

"அவன் நைனாவும் இப்டித்தாம்மா. நான் ஒரு மாசம் பேசவே இல்ல," என்று பாகு கிளறியபடி சிரித்தாள் ராஜம்மா.

எழிலரசி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். "உப்பு கம்மி. என் பேர்ல இது வெளிய போகக் கூடாது. ஒழுங்கா ஊட்டுக்கு வந்து பொண்ணு கேளு, அப்புறம் நானே வந்து சரிபண்றேன். அதுக்குள்ள பத்திரிகையும் அடிச்சிடாத."

பக்கத்தில் நின்றிருந்த கன்னியப்பன் தன் கையிலிருந்த கல்யாணப் பத்திரிகை மாதிரியை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.