கிடை போட்ட கொல்லை

“உன் ஆடுங்களுக்கு இன்னா தீனி போடற இருசம்மா? பளபளன்னு கீதுங்களே” என்று நிலத்துக்காரர் தெய்வசிகாமணி ஒருமுறை கேட்டார். மேய்ச்சல்தான் அண்ணா என்று சொல்லிவிட்டாள். ஏரியில் சீமைக்கருவேல நெற்றைப் பொறுக்கிச் சாக்கு சாக்காகக் கொட்டுவதைச் சொன்னால், மற்ற ஆட்டுக்காரர்களும் போட்டிக்கு வந்துவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு.

அந்த வருஷம்தான் தண்டோரா போட்டார்கள். ஏரியோ பட்டா நிலமோ, சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அரசாங்கமே எடுத்துச் செலவை நிலத்துக்காரரிடம் வசூலிக்கும். ஏரி மொட்டையானது; இருசம்மாளிடம் முன்பே சேர்த்து வைத்த நெற்றுச் சாக்குகள்தான் மிச்சம். தெய்வசிகாமணியும் ஜேசிபி வைத்துத் தன் புஞ்சைக் கொல்லையைத் திருத்தினார். மணிலாக் கொட்டை விதைக்குமுன் புழுக்கை எரு சேரட்டும் என்று, ராத்திரியில் ஆடுகளை இடம் மாற்றி மாற்றி வலைக்குள் மடக்கிக் கிடை போடச் சொன்னார் இருசம்மாளை. கிடை போடுகிறவரை அவர் நிலத்து வரப்பெல்லாம் அவள் ஆடுகளுக்கு. அதை விட்டால் மேய வேறு இடமில்லை.

கார்த்திகை மழை விட்டதும் போய்ப் பார்த்தாள். கீரை விதை தெளித்த மாதிரி முளைத்திருந்தது சீமைக்கருவேலம். அதுவும் கொல்லை முழுக்க இல்லை. அவள் வலை கட்டி ஆடு மடக்கிய இடங்களில் மட்டும், சதுரம் சதுரமாக. ஆடு தின்ற நெற்றின் விதை புழுக்கையோடு விழுந்து முளைத்திருக்கிறது.

தெய்வசிகாமணி இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்குச் சென்னைக்குப் போயிருந்தார். வேன்களைப் போலீஸ் வழியிலேயே மறித்துவிட்டது, எப்போது திரும்புவார்கள் என்று தெரியாது என்றார்கள் ஊரில். கருவேலம் எடுத்தாயிற்றா என்று விஏஓ வேறு கொல்லையைப் பார்க்க வருவதாக இருந்தது.

மகள் கோகிலவாணியைக் கூட்டிக்கொண்டு விடியலிலேயே பிடுங்க உட்கார்ந்தாள். முளை சிறிசு, வேர் நீளம். பாதி கையோடு வந்தது, பாதி அறுந்து மண்ணுக்குள் நின்றது.

“எம்மா, ஓரத்த மொதல்ல கலைச்சு வுடு. கட்டம் தெரியாம இருந்தா போதும்” என்றாள் மகள்.

“வாயப் பொத்திக்கினு பிடுங்குடி. ரோட்டுல வண்டி சத்தம் கேக்குது.”

ஒரு சதுரம்கூட முடியவில்லை. கசங்கிய வேட்டியோடு தெய்வசிகாமணி பைக்கை விட்டு இறங்கினார். குனிந்து ஒரு முளையைக் கிள்ளிப் பார்த்தவருக்கு முகம் சிவந்தது.

“வேர வுட்டுட்டுப் பூட்டான் பாரு அந்த ஜேசிபிக்காரன். துட்டு மட்டும் முழுசா வாங்கிக்கினான். நீ ஏம்மா கஷ்டப்படற? அவனையே வரச்சொல்லிப் பிடுங்க வைக்கறேன்.”

இருசம்மாள் கையிலிருந்த முளையைக் கீழே போட்டாள். கோகிலவாணி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பேசாதே என்கிறாளா, சொல்லிவிடு என்கிறாளா, தெரியவில்லை.

சிக்னல் கிடைக்காமல் தெய்வசிகாமணி மேட்டு வரப்பில் ஏறினார். போனைக் காதில் வைத்தபடி கொல்லையைப் பார்த்தார். பார்வை ஒரு பச்சைச் சதுரத்திலிருந்து அடுத்ததற்குப் போய், ஓரத்தில் வலைக்குள் நின்ற ஆடுகள்மேல் வந்து நின்றது. போனில் யாரோ அலோ அலோ என்றார்கள். அவர் கட் பண்ணினார்.

“அண்ணா...” என்றாள் இருசம்மாள்.

அவர் இறங்கி வந்து, ஊன்றியிருந்த குச்சிகளிலிருந்து வலையை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். ஆடுகள் வெளியே சரிந்தன. வலையைச் சுருட்டி அவள் காலடியில் வைத்துவிட்டுப் போய்ப் பைக்கை எடுத்தார்.