இறுகிப்போன பால் குழாய்

ஒன்பது பசுக்களைக் கையால் கறந்து கறந்து என் மணிக்கட்டு இரண்டும் விட்டுப்போயின. போன வருஷம் கறவை இயந்திரம் வந்த பிறகுதான் தேநீர்க் கிண்ணத்தை வலியில்லாமல் தூக்கினேன். அது பொறுக்காமல், பால் வரும் குழாயை ஒரு கன்று கடித்துத் துப்பியது. பாலுக்கென்றே செய்த குழாய்தான் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஓரால்பாய் கரகண்டா நகரத்துச் சந்தையிலிருந்து தோட்டத்துக் குழாயோடு வந்து நின்றார்.

"குழாய்னா குழாய்தானே? பசுவுக்குத் தெரியவா போகுது?"

முதலில் சொன்னபடி வளைந்தது. ஜனவரியில் வெந்நீரில் முக்கினால்தான் வளைந்தது. பிப்ரவரியில் வெந்நீருக்கும் மசியவில்லை. நேற்றுக் காலை மாட்டும்போதே படாரென்று உடைந்தது. அழக்கூட எனக்குத் தெம்பில்லை.

மத்தியானம் கொழுந்தன் தோலெகென் வந்தான். நகரத்தில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் பட்டறையில் வேலை. தேநீரில் பாலாடை போட்டுக் கொடுத்து, உடைந்த துண்டை நீட்டினேன்.

"குளிருல வெடிச்சதா தம்பி?"

"குளிரு பாதிதான் அண்ணி. இந்தப் பிளாஸ்டிக் தன்னால கட்டை மாதிரிதான் இருக்கும். வளையறதுக்குன்னு ஒரு எண்ணெய் கலப்போம். பால்கொழுப்பு பட்டுக்கிட்டே இருந்தா அந்த எண்ணெய் கொஞ்சங்கொஞ்சமா வெளிய வந்துரும். அப்புறம் பழையபடி கட்டைதான்."

"வெளிய வந்து எங்க போகும்?"

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். குடிக்காமல் கீழே வைத்தான்.

எதிரே மருமகள் கர்லிகாஷ். ஏழு மாதம். ரொட்டியில் பாலாடையைத் தடிமனாகப் பூசிப் பாதி தின்றிருந்தாள். பிள்ளைக்கு நல்லது என்று குளிர்காலம் முழுக்க அவளை வற்புறுத்தித் தின்னவைத்தவள் நான்.

"கெடுதலா?"

"நல்லதில்ல அண்ணி. மாசமா இருக்கற பொண்ணுங்களை எங்க பட்டறையில அந்த எண்ணெய்ப் பக்கமே விடமாட்டாங்க."

பாலாடைப் பானையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். பால், பாலாடை எல்லாவற்றையும் நாங்கள் வெள்ளை என்போம்; வெள்ளையை மண்ணில் ஊற்றுவது எங்களுக்குப் பாவம். ஓரால்பாய் வாசலை மறித்தார்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு? வெள்ளையைக் கொட்டுவாங்களா?"

"நகருங்க."

கத்தவில்லை. கத்தவும் சக்தி வேண்டுமே. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஒதுங்கினார். பானையைப் பனியில் கவிழ்த்தேன்.

திரும்பினால் கர்லிகாஷ் நிற்கிறாள், வயிற்றின் மேல் கையோடு.

"இதைக் கொட்டிட்டீங்க அத்தை. நான் தின்னதை?"

சாயங்காலம் வாளியோடு முதல் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணிக்கட்டு உயிர் போகிற மாதிரி வலித்தது. வலிக்கட்டும் என்று கறந்தேன்.