யாராவது அமுக்கும்வரை

பண்ணைக்குள் நுழையும்போதே அகல்யாவுக்கு நாற்றம் அடித்துவிட்டது. வெண்ணந்தூரிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்தவள், செத்த கோழிகளைக் குவித்திருந்த பக்கம் திரும்பாமல், ஷெட்டை ஒட்டிய கம்ப்யூட்டர் அறைக்கு நடந்தாள். பார்த்தால் மட்டும் உயிரா வந்துவிடப் போகிறது?

அருணகிரி அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் லாரி ஓட்டி, இடுப்பு போய், இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று இந்தப் பண்ணையைப் போட்டவர். போன பேட்ச் நோயில் போயிற்று. இதுவும் போனால் மறுபடி லாரிதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதுதான் முட்டைக்கு வந்திருந்த கோழிகள்.

"வா சாமி," என்றார். "ஃபோனு கையிலயேதான் இருந்துச்சு. பந்தியில திங்கறப்பக்கூட எலைக்குப் பக்கத்துலதான் வெச்சிருந்தேன். அடிக்கவே இல்ல."

நாலு பக்கமும் மூடிய ஷெட் அது. ஃபேன் ஓடினால்தான் உள்ளே காற்று. சித்திரை வெயிலில் ஃபேன் நின்றால் கோழி கொஞ்ச நேரம் தாங்குவதே பெரிது. நின்றால் அருணகிரியின் ஃபோனுக்கு உடனே செய்தி அனுப்புகிற புரோகிராமை எழுதியவள் அகல்யா. அதை நம்பித்தான் அவர் காவலுக்கு இருந்த ஆளை வேலையை விட்டு நிறுத்தினார், குடும்பத்தோடு சொந்தக்காரர் வீட்டுச் சீருக்கும் போனார். பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குக் கோழிகளின் கத்தல் கேட்டிருக்கும். ஆனால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று இங்கே ஒருவர் பண்ணையில் இன்னொருவர் கால் வைக்க மாட்டார்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி நின்றிருந்தது. 'இணைப்பு இல்லை. மீண்டும் முயலவா?' கீழே இரண்டு பொத்தான்கள்.

அகல்யாவுக்குப் புரிந்துவிட்டது. கரண்ட் போய் வந்ததில் ஃபேன் சுவிட்ச் தானாக விழுந்து, ஃபேன் மறுபடி ஓடாமல் நின்றிருக்கிறது. கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடியிருக்கிறது; மோடம் மட்டும் அணைந்து, சற்று நேரத்தில் தானாக எழுந்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் புரோகிராம் செய்தி அனுப்பப் பார்த்திருக்கிறது. முடியாமல், பூட்டிய அறையில், இல்லாத ஆளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு மதியம் முழுக்க நின்றிருக்கிறது.

புரோகிராமிலிருந்து இணையத்துக்குச் செய்தி அனுப்ப ஆயத்தமாக எழுதிவைத்த நிரல் துண்டுகள், அதாவது ஃபங்ஷன்கள், இரண்டு வகை உண்டு. ஒன்று, எதிரில் ஆள் இருக்கும் புரோகிராமுக்கு; சிக்கல் வந்தால் அந்த ஆளைக் கேட்கும். மற்றது, ஆளில்லாமல் ஓடுவதற்கு; யாரையும் கேட்காது, போகவில்லை என்று புரோகிராமிடமே சொல்லிவிடும், புரோகிராம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கலாம். கூட வேலை செய்யும் ஜீவா இரண்டாவதைத்தான் போடச் சொன்னான். பெரிய மேதாவி மாதிரி அகல்யா சிரித்தாள். முதலாவது சுலபம், நாலு வரியில் முடிந்துவிடும். சோதித்துப் பார்த்தபோது இதே பெட்டி அவள் வீட்டிலும் வந்தது. டீயைக் குடித்துக்கொண்டே அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். அமுக்க அவள் இருந்தாள். அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

"அண்ணா, தப்பு என்னுதுங்க."

"பொட்டி கேட்டுருக்குது, அமுத்த ஆளில்ல. சீருக்குப் போனவன் நானு. நீ என்ன சாமி பண்ணுவ?"

"அது கேட்டிருக்கவே கூடாதுங்கண்ணா. தானா மறுபடி மறுபடி அனுப்பற மாதிரி நான் எழுதியிருக்கோணும். சோம்பேறித்தனப்பட்டு உட்டுட்டேனுங்க." அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவர் திட்டவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.

"இன்னுமா கேட்டுக்கிட்டு இருக்குது? எதை அமுத்தோணும், இதையா?"

அவள் வேண்டாம் என்பதற்குள் அமுக்கிவிட்டார்.

சட்டைப் பையில் ஃபோன் அலறியது. அவர் பதறிப்போய் எடுத்து, கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். "ஷெட்டில் ஃபேன் நின்றுவிட்டது. உடனே வரவும்."

இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நல்லாத்தான் வேலை செய்யுது, சாமி," என்றார்.