தேவதாஸ் கிராணியின் கப்பல் படங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. மலாயாவில், காஜா பெராங் என்ற இடத்தில் தையல்கடை வைத்திருந்த கோகிலா அக்காள், எனக்கு ரவிக்கை அளவெடுத்துக்கொண்டே சொன்னது. வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி சொன்னதால் சில இடங்கள் சரியாகக் காதில் விழவில்லை. அவற்றை நானே நிரப்பியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1957 ஆகஸ்டில் மலாயாவே மெர்டேக்காவுக்காக, தன் சுதந்திர நாளுக்காகக் காத்திருந்தபோது…"

(வேண்டாம். தேவதாஸ் காத்திருந்தது வேறொன்றுக்கு.)

2

தேவதாஸ் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அதே ஊரில் தெங்கேராப் பக்கம் குடியிருந்த தனிக்கட்டை. போர்க்காலத்தில் பத்திரிகைகளுக்காக எடுத்த போர்க்கப்பல் படங்களைச் சேர்த்துவந்தார். பத்திரிகையில் வந்ததை வெட்டி ஒட்டுகிற ஆளல்ல. பத்திரிகை அலுவலகத்துக்குப் போன அசல் பிரதிதான் வேண்டும். பின்பக்கம் டைப் அடித்த விவரச்சீட்டும் தணிக்கை முத்திரையும் இருக்க வேண்டும். எந்தப் படம் கைக்கு வந்தாலும் முதலில் முதுகைத்தான் பார்ப்பார்.

[அவரைக் கொஞ்சம் கிறுக்கராக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது அக்காளின் முகம் சுருங்கியது. அடித்துவிட்டேன்.]

கோகிலா அக்காளின் கணவர் ராஜரத்தினம் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலொன்றில் சமையல்காரர். 1942 ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட கப்பல் அடுத்த மாதமே மூழ்கிவிட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று போருக்குப் பிறகு கடிதம் வந்தது. தேவதாஸைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1948இல் அக்காள் அவரிடம் போய், "அந்தக் கப்பல் படம் இருக்குங்களா?" என்று கேட்டார்.

இல்லை. ஒன்பது வருடம் தேடினார். கிடைக்கவில்லை என்று சொல்வதற்காகவே மாதாமாதம் சைக்கிள் மிதித்து வந்தார்.*

57 ஜூலையில், கப்பலைப் பற்றி ஒன்றுமே பேசாமல், தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். அக்காள் தலை நிமிராமல், "மெர்டேக்கா முடியட்டும் லா. கொடி ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு" என்றார்.

* இந்த வாக்கியத்தை மட்டும் நான் ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

3

ஆகஸ்டில் சிங்கப்பூர் நண்பர் ஒரு கட்டு அனுப்பினார். ஏதோ பத்திரிகை அலுவலகத்தில் கழித்துக்கட்டிய படங்கள். அதில் ஒன்றில், கப்பல் தளத்தில் உட்கார்ந்து ஒருவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். தையல்கடைச் சுவரில் மாட்டியிருந்த அக்காளின் கல்யாணப் படத்தில் பார்த்த ராஜரத்தினத்தின் அதே முகம்.

பின்பக்கம்: தணிக்கை முத்திரை. கப்பலின் பெயர் நீலப் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. தேதி, 1943 ஜூன்: கப்பல் மூழ்கிப் பதினாறு மாதம் கழித்து.

"தேவதாஸ் படத்தை எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கி…"

(நிறுத்திவிட்டேன். படத்தில் விரல்ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்குகிற மனிதர் அவர். எரிக்கமாட்டார். அதோடு, அந்த அம்மாளுக்காக ஒன்பது வருடம் தேடியவர்.)

4

மறுநாள் மத்தியானம் கடையில் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி குவிந்திருந்தது. அக்காள் மெஷினை நிறுத்தினார்.

"என்ன கிராணியாரே, மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒரு படம். கப்பல் அது இல்ல. ஆனா நீங்க பாக்கணும்."

அக்காள் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இவரு இடது கையில கத்தி பிடிச்சிருக்காரு. எங்க வீட்டுக்காரருக்கு எல்லாமே சோத்துக்கைதான். இது யாரோ. எடுத்துட்டுப் போங்க."

தேவதாஸ் அப்படியே போயிருக்கலாம். நானும் மூன்று நாள் அவரை அந்த வாசலில் நிறுத்திவைத்திருந்தேன். ஆனால் தணிக்கைக்காரர் கவனிக்காத ஒன்றை அவர் முந்தின நாளே கண்டிருந்தார். அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு சின்ன அறிவிப்புப் பலகை. அதன் ஆங்கில எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறியிருந்தன.

"கோகிலா… படத்தைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சிருக்காங்க. இந்தப் பலகையப் பாருங்க. அது சோத்துக்கைதான்."

அக்காள் பலகையைப் பார்க்கவில்லை.

"தெரியும். சட்டையப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. ஆம்பள சட்டைக்குப் பொத்தான் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்…"

"அவரு செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சுங்க. நான் அழுது முடிச்சிட்டேன். இப்ப உசுரோட இருந்தாருன்னு சொன்னா, வீட்டுக்கு வராத ஆளாவுல்ல ஆயிடுறாரு."

தேவதாஸ் கொடித்துணி மேலேயே உட்கார்ந்து அழுதார் என்று எழுதியிருந்தேன். "அவரு இல்ல, நான்" என்று அக்காள் திருத்தினார்.

5

இருவரும் சேர்ந்தே லண்டனுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் டைப் அடித்தார், அக்காள் கையெழுத்துப் போட்டார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: கப்பலின் பெயர் தெரியாமல் ஆளை அடையாளம் சொல்ல இயலாது, ராஜரத்தினம் இறந்தார் என்ற பழைய பதிவில் மாற்றமில்லை. 58 தை மாதம் கல்யாணம் பதிவானது.

அந்தப் படத்தை தேவதாஸ் ஆல்பத்தில் ஒட்டி, அடியில் ஒரு வெள்ளைச் சீட்டையும் ஒட்டினார். "நீங்களே எழுதுங்க" என்று பேனாவை அக்காளிடம் கொடுத்தார்.

அக்காள் எழுதினார். அந்தச் சீட்டை நான் பார்த்தேன். 'ராஜரத்தினம், 1943' என்று இருந்திருந்தால் கதை ஒரு மாதிரி முடியும். 'யாரோ ஒரு சமையல்காரர்' என்று இருந்திருந்தால் இன்னொரு மாதிரி. இருந்ததை இங்கே எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடியும் அடித்தேன். அது அந்த வீட்டில் மூன்று பேருக்கு நடுவில் எழுதப்பட்ட வரி. நான்காவது ஆளாக நான் நுழைவதாயில்லை.

நீங்கள் வேண்டுமானால் எழுதிப் பாருங்கள். சீட்டு சின்னது. ஒரு வரிதான் கொள்ளும்.