ஒதியங்கோல்

உத்திரமேரூர்ப் பேரேரியின் மதகு வழியே புகுந்த நீர் கழனிகளெங்கும் பரந்து நிற்க, நாற்று நட்ட மகளிர் சேறு கழுவிக் கரையேற, மேலை வானம் சிவந்து அடங்க, அரிசி ஆலையின் புகைபோக்கி மட்டும் ஓயாது புகைந்துகொண்டிருந்த மாலை அது. அவ்வாலையில் நெல் அவிக்கும் தண்டபாணி, கற்றோரே, கையில் ஓர் ஊன்றுகோலை ஏந்தியவனாய் வீட்டுக்கு ஓடினான். நடந்து செல்லப் பொறுமை எங்கே!

அவன் மனைவி கங்கம்மாள், சுமையுந்து கவிழ்ந்ததில் ஒரு காலையும் ஒரே மகளையும் இழந்தவள். மருத்துவமனையில் அவள் நினைவற்றுக் கிடந்தபோதே பிள்ளையை ஏரிக்கரையில் புதைத்துவிட்டார்கள். வண்டி செல்லாத அவ்விடத்தைத் தானே நடந்துபோய்க் காணவேண்டும் என்பதன்றி அவளுக்கு வேறு விருப்பமில்லை. தூக்கிச் செல்ல வந்தோரை விரட்டிவிட்டாள். அழுததும் இல்லை. உண்ணென்றால் உண்டாள், உறங்கென்றால் கண்மூடினாள்.

முன்பு செய்த கருவேலங்கோலை அவள் மெலிந்த தோள் தாங்கவில்லை. ஒதிய மரத்தின் மென்கட்டையில் செய்த இலேசான கோலோ ஊன்றியதும் முறிந்தது. அந்நிலையில்தான், ஆலையில் ஆவியில் வெந்து இரும்புப் பாளத்தின்கீழ் நசுங்கிக் கிடந்த ஒதியம்பலகை ஒன்று, தட்டினால் கணீரென ஒலிக்குமாறு இறுகியிருக்கக் கண்டான் தண்டபாணி. உடனே வேறோர் ஒதியம்பலகையை அவித்து, சூடாறுமுன் இரும்புத் தகடுகளிடையே வைத்துத் திருகி, ஈரம் வற்றுமட்டும் விடாது இறுக்கினான். பாதியாய் மெலிந்து, கருங்காலிபோல் கறுத்து மின்னிய அதைக் கோலாகச் செதுக்கி அடியில் இரும்புப் பூண் இட்டான்.

கங்கம்மாள் ஊன்றிப் பார்த்தாள். முறியவில்லை.

"காலைல போலாமா?" என்றான்.

"ம். பூண் மட்டும் ஆடுது."

மண்வெட்டிக் காம்பு ஆடினால் நீரில் ஊறவைத்து இறுகச் செய்வது அவ்வூரார் கைப்பழக்கம். அவன் கையும் எண்ணிப் பாராமல் கோலைத் தொட்டிநீரில் இட்டது.

விடிந்து பார்த்தால், அந்தோ! கோல் ஊதிப் பருத்து, நிறம் வெளுத்து, நார்நாராய்ப் பிளந்து கிடந்தது.

"அமுக்கி வெச்சதையெல்லாம் தண்ணி எழுப்பி வுட்டுச்சே! நானே கெடுத்துட்டனே, கங்கம்மா! பத்து நாள் பொறு, வேற செஞ்சித் தாரேன்."

அவள் அவனை வையவில்லை. கோலைத் தொடவும் இல்லை.

"வேணாய்யா. பாப்பாவ நீதான தூக்கினு போன?"

"ஆமா."

"என்னையும் தூக்கினு போ."

தூக்கினான். அவள் கை அவன் கழுத்தைப் பற்றவில்லை. அன்று பிள்ளையின் கை கிடந்ததுபோல் வைத்த இடத்தில் கிடந்தது. வரப்பில் அவன் கால் இடறவில்லை, வழி தெரிந்த கால்கள் அவை. துயரை நெஞ்சுள் அழுத்தி வைத்தோரை உறுதி மிக்கவர் என்று நாம் புகழ்கின்றோம், கற்றோரே. அத்தகையோரைக் கைகளில் சுமந்து சென்றவனைக் கேட்டாலன்றோ தெரியும், அவ்வுறுதி எத்துணைக் குளிர்ந்திருந்தது என்பது.