நாற்பத்து மூன்றாம் பக்கம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கால் நீட்ட இடம் இருக்கிறது. ஒரு கணக்கு வாத்தியாரின் கதை சொல்கிறேன். கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கே புரிந்ததுதானே.

அவர் கல்லூரியில் கணிதத் தர்க்கவியல் நடத்துபவர். பதினான்கு வருஷமாக ஒரே கேள்வியோடு மாரடித்தார். ஒரு விவரிப்பு இருக்கிறது. மிகப் பெரியதொரு முடிவிலி அளவில் அதற்குப் பொருந்தும் அமைப்பு ஒன்றே ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய எல்லா அளவுகளிலும் ஒன்றே ஒன்றுதானா? சாதாரணத் தர்க்கத்தில் இதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. முடிவில்லாமல் நீளும் வாக்கியங்களை அனுமதிக்கும் தர்க்கத்தில்தான் இன்னும் இல்லை. “இது முடியட்டும், உன் அக்காகிட்டயே போயிடலாம்” என்பார் மனைவியிடம். அக்காவுக்கு வருஷாவருஷம் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. முழுதும் போவதற்குள் தங்கை முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஒருவழியாக நிரூபணம் முடிந்தது. பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. புறப்படும் நாள் காலை மனைவி பெட்டி அடுக்கிக்கொண்டிருக்க, அவர் தாள்களைக் கடைசியாக ஒருமுறை புரட்டினார். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கை நின்றது.

“என்னங்க, முகமே செத்துப்போச்சு?”

“பழகின புத்தி. நிபந்தனைகள்ல எந்தச் சிலதை எடுத்தாலும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போனா, மொத்தமும் ஒத்துப்போகும்னு எழுதிட்டேன். சாதாரணத் தர்க்கத்துல சரி. இங்க செல்லாது.”

“ஏன் செல்லாது? எனக்கும் சொல்லுங்க. பதினாலு வருஷம் டீ போட்டிருக்கேன்ல.”

வகுப்பில் சொல்லும் உதாரணம்தான் அவர் வாயில் வந்தது. “என்னைக்காவது ஒரு நாள் போவோம்னு ஒரு வாக்கியம். கூடவே, முதல் நாள் போகல, ரெண்டாம் நாள் போகல, மூணாம் நாள் போகலன்னு முடிவில்லாம வாக்கியங்க. அதுல ஆயிரத்தை எடுத்தாலும் முரண்பாடு இல்ல, அதுக்கப்புறம் ஒரு நாள் போயிக்கலாம். எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா…”



“போகவே மாட்டோம்” என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. “இதுக்கு எதுக்குங்க படிப்பு? அந்த ஓட்டைய அடைக்க முடியுமா?”

“முடியும்னு தோணல.”

“அப்ப வாங்க, கிளம்பலாம்.”

அவர் மறுபடி அந்தப் பக்கத்தையே எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவள் பெட்டியிலிருந்து அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கசங்காமல் நாற்காலியில் வைத்தாள். கீழே வண்டிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். பெட்டியின் ஒரு பக்கம் அவள் துணி, மறுபக்கம் காலி. மூடி திறந்தே கிடந்தது.

நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் கொடுக்கிற ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு தேதி இருக்கட்டும். வாசலில் வண்டி வந்து நின்றால், எல்லோருமாக ஏறிப் போய்ச் சேருங்கள்.